வலது பக்கத்துக் கொக்கி

செப்டம்பர் 3, புதன்

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நல்லசாமி வந்து நின்றான். என் மனைவி தமயந்தியின் தம்பி. பவர் டில்லர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சேற்றுழவு ஓட்டுகிறவன். வாய்க்காலில் தண்ணீர் விட்டதிலிருந்து அவனுக்கு உட்கார நேரமில்லை. ஒவ்வொரு ஊருக்கும் டில்லரை டிரெய்லரில் ஏற்றி, பழைய ஜீப்பில் கட்டி இழுத்துப் போக வேண்டும். இதுவரை இரண்டு வேப்பம்பலகையைச் சாய்த்து வைத்து ஏற்றினான். ஒரு பலகை பிளந்துவிட்டதாம்.

"மச்சான், இரும்புல ஒரு ராம்ப்பு பண்ணிக் குடுங்."

"டவுன்ல நல்ல பட்டறையா இருக்குதே மாப்ளே" என்றேன், பேச்சுக்கு.

"வாத்தியார ஊட்டுல வெச்சுட்டு வெளிய போவாங்களா?"

ஊரில் எனக்கு வெல்டிங் வாத்தியார் என்று பெயர். தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்றதும் மாட்டுக் கொட்டகையை ஒட்டிச் சின்னதாக ஒரு பட்டறை போட்டேன். கோழிக்கூண்டு, துணி காயப்போடும் ஸ்டாண்டு, பூந்தொட்டி வைக்கிற சட்டம் என்று ஏதாவது செய்வேன். பொழுது போகும். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இட்லி இறங்கவில்லை, சட்னியில் காரம் அதிகம்.

செப்டம்பர் 5, வெள்ளி

அளவெடுத்தேன். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி. சாய்தளம் எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம். இரும்பு ஆங்கிளில் சட்டம், மேலே வழுக்காத புள்ளித் தகடு. தலைப்பில் இரண்டு கொக்கி. அந்தக் கொக்கிகள் டிரெய்லரின் பின்சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். பாரம் ஏறும்போது சாய்தளம் நழுவாமல் பிடித்துக்கொள்வது அவைதான்.

நோட்டில் படம் போட்டேன். பென்சிலைச் சீவிச் சீவி, அளவுக்கோடெல்லாம் வைத்து. தமயந்தி எட்டிப் பார்த்து, "படம் ஷோக்கா இருக்குதுங்" என்றாள். படம் எனக்கு எப்போதுமே நன்றாக வரும்.

செப்டம்பர் 8, திங்கள்

சட்டத்தைப் பற்றவைக்க ஆரம்பித்தேன். வீட்டு லைனில் வெல்டிங் மெஷின் போட்டால் கரண்ட் இறங்கிவிடுகிறது. தமயந்தி மிக்சி போட்டால் இங்கே வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. நான் ராடு வைத்தால் அங்கே மிக்சி முனகுகிறது. இரண்டு பேருக்கும் வாய்ச் சண்டை. மத்தியானம் வரை ஒரு மூலைதான் முடிந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான்கு மூலையும் முடிந்தது. பற்றவைத்த தடம், அதாவது பற்று, கொஞ்சம் மேடு பள்ளமாக வந்திருக்கிறது. கோழி கிளறிய மாதிரி என்று சொல்லலாம். உறுதியாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

இரண்டு கொக்கியும் வைத்தேன். இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் மூன்று தடவை வைத்தேன். நல்லசாமி நாளைக்கு வந்து பார்ப்பான். இந்தக் கோலத்தில் பார்த்தால் என்ன நினைப்பான்? கிரைண்டர் எடுத்து மேட்டையெல்லாம் வழித்துச் சமமாக்கினேன். பள்ளத்தில் பெயின்டர் பூசுகிற பட்டி வைத்துத் தேய்த்தேன். மேலே இரண்டு கை சில்வர் பெயின்ட். இப்போது எங்கே பற்றவைத்தது என்று விரல் வைத்துத் தடவினாலும் தெரியாது.

செப்டம்பர் 12, வெள்ளி

நல்லசாமி வந்து பார்த்துவிட்டு, "கடைல வாங்குன மாதிரி இருக்குதுங் மச்சான்" என்றான். மனசு நிறைந்துபோனது.

அவன் போன பிறகு சாய்தளத்தைத் திட்டில் மாட்டி, நானே ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். அசையவில்லை. என் எடை அறுபத்துநான்கு கிலோ. டில்லர் எத்தனை கிலோ என்று அவனைக் கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நல்லசாமிக்குக் கால் உடைந்துவிட்டது.

காலை ஏழரை மணிக்கு அவன் வீட்டுக் களத்தில் முதல் தடவையாக ஏற்றினான். டில்லரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினான். நான் பக்கத்தில் நின்று, "ஏத்து மாப்ளே, ஏத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் ஏறியாகிவிட்டது. அப்புறம் சாய்தளத்தின் வலது பக்கம் இறங்கியது. டில்லர் பின்னால் சரிந்து அவன்மேல் விழுந்தது. வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

மண்ணில் கிடந்தபடியே அவன் சொன்ன முதல் வார்த்தை: "கிளட்ச உட்டுப்போட்டன் மச்சான்."

அவனே சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்கள் ஓடிவந்து தூக்கி ஜீப்பில் போட்டார்கள். அவன் மனைவி பூங்கொடி கூடவே ஏறிக்கொண்டாள். எனக்கு இடமில்லை. நான் களத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டு, டீசல் கொட்டிய இடத்தில் மண் போட்டுவிட்டு, பதினொரு மணி வாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பட்டறையைப் பூட்டிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். நான்கு மாதம் காலை ஊன்றக் கூடாதாம். இந்தப் பட்டத்து உழவு முழுக்கப் போயிற்று.

சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனேன். பூங்கொடி அவனை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருசமா ஓட்டறீங். கிளட்ச எப்ப புடிக்கோணும், எப்ப உடோணும்னு தெரியாதுங்களா? கண்ண எங்க வெச்சிருந்தீங்? நெனப்பு எங்க இருந்துது?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "உடு அம்மிணி, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். நல்ல வார்த்தை மாதிரித்தான் காதில் விழுந்தது.

செப்டம்பர் 20, சனி

டீக்கடையில் பேச்சு. விழுந்ததற்கு முந்தின நாள் சனிக்கிழமை அல்லவா, நல்லசாமி குடித்திருப்பான், மப்பு தெளியாமல் டில்லரைப் பிடித்திருப்பான் என்று ஒருவர் சொன்னார். நான்கு பேர் தலையாட்டினார்கள். நல்லசாமி பீடிகூடப் பிடித்ததில்லை. என்னைப் பார்த்து, "வாத்தியாரே, நீங்க அங்கதான இருந்தீங்?" என்று கேட்டார்கள்.

"அப்பிடியெல்லாம் இருக்காது" என்றேன்.

அதற்குமேல் சொல்லவில்லை. டீ ஆறுவதற்குள் எழுந்துவந்துவிட்டேன். எழுதும்போது கூசுகிறது. அங்கே கூசவில்லை, அதுதான் விஷயம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். இன்று போயிருந்தேன். வாசலிலேயே பூங்கொடி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, பத்துப் பேரு உழவுக்குச் சொல்லி வெச்சிருக்கறாங்க. சேறு காஞ்சா அவிங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க. அடுத்த பட்டத்துக்கு நம்மளக் கூப்பிட மாட்டாங்க. நானே ஓட்டறன். ஓட்டத் தெரியுமுங் எனக்கு. அந்த ராம்ப்புல கொக்கி என்னமோ கழண்டு போச்சாமா. நீங்களே சரி பண்ணிக் குடுத்துருங், நானே ஏத்திக்கறன்."

"நீயா ஏத்தற?"

"வேற யாருங் இருக்கறா?"

சரி என்றேன். இந்த வாய்க்கு அந்த ஒரு வார்த்தையை விட்டால் வேறு தெரியாது போலிருக்கிறது. உள்ளே நல்லசாமி என் முகத்தையே பார்த்தான். பிறகு, "அவசரமில்லீங் மச்சான்" என்றான்.

செப்டம்பர் 24, புதன்

சாய்தளத்தைக் கொண்டுவரச் செய்து பட்டறையைத் திறந்தேன். மெஷினைப் போட்டேன். ராடைக் கையில் எடுத்தேன். பூங்கொடி அந்தத் தகட்டில் கால் வைத்து ஏறுகிற மாதிரி கண்ணில் வந்தது. கரண்ட் சரியில்லை என்று அணைத்துவிட்டேன்.

கரண்ட் சரியாகத்தான் இருந்தது.

இங்கேகூடப் பொய் எழுதினால் வேறு எங்கே நிஜம் எழுதுவது? பதினான்காம் தேதி களத்தை ஒழுங்குபடுத்தினேன் என்று எழுதியிருக்கிறேன். ஒழுங்குபடுத்தியது இதைத்தான். டிரெய்லருக்கு அடியில் வலது பக்கத்துக் கொக்கி தனியாகக் கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். அவன் அலறிக்கொண்டு போகிற ஜீப்பின் சத்தம் காதில் இருக்கும்போதே அதைச் செய்தேன். ஜீப்பில் எனக்கு இடம் இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

சாய்தளத்தை வாடகை வண்டியில் போட்டுக்கொண்டு, நம் ஊர் ஆட்கள் போகாத இடமாகப் பார்த்து, பவானி ரோட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன். முகமூடியைக் கழற்றிவிட்டு வந்த ஆள் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"ஸ்டோர் சார். என்னைத் தெரியலீங்களா? ஆரோக்கியம். தொண்ணூத்தெட்டு பேட்ச், வெல்டர்."

தெரிந்தது. ராடு கேட்டு வந்து என் ஜன்னலில் நின்ற பையன்களில் ஒருவன். இப்போது தலை நரைத்து, ஆறு பேருக்கு வேலை கொடுக்கிறான்.

ஆமாம், நான் ஸ்டோர் கீப்பர். முப்பத்தொரு வருஷமும் ஜன்னலுக்கு உள்ளே நின்று ராடும் சுத்தியலும் எடுத்துக்கொடுத்து, சாயந்திரம் திரும்ப வாங்கி வைத்தவன். வெல்டிங் வாத்தியார் வேறு ஆள். ஊரில் யாரோ ஒரு கல்யாணத்தில் என்னை வாத்தியார் என்றார்கள். திருத்தவில்லை. மறுநாள் இன்னொருவர் சொன்னார். அப்புறம் திருத்துவதற்கு ஒரு நல்ல நாளே வரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு செல்போனில் வீடியோ பார்த்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

கையோடு கொண்டுபோயிருந்த கொக்கியை ஆரோக்கியத்திடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது பத்தவே இல்லீங் சார். சும்மா மேலாப்புல ஒட்டீட்டு இருந்திருக்குது. அந்தக் கொஞ்சத்தையும் கிரைண்டர் போட்டு வழிச்சு உட்டிருக்கறாங்க பாருங். எதுக்குங் வழிக்கோணும்? அசிங்கமா இருந்தாலும் அதுதானுங் தாங்கும். இதுக்கு மேல பட்டி வேற." நிமிர்ந்து, "யாருங் பண்ணுனது?" என்றான்.

"ஊர்ல ஒருத்தரு."

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"கால் போச்சு."

"அவன் கைய ஒடிக்கோணுமுங் சார்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆரோக்கியம் எல்லா மூலையையும் வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்து, புதுக் கொக்கி இரண்டு போட்டு, தலைப்புக்கு ஒரு சங்கிலியும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். பெயின்ட் அடிக்கவில்லை. பற்று ஒவ்வொன்றும் அடுக்கிவைத்த காசு மாதிரி வரிசையாகத் தெரிகிறது.

இன்று காலை பூங்கொடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டில்லரை ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். வலது பக்கத்துக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடகடவென்று ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கிவந்தாள்.

"அண்ணன் கை பட்டா பட்டதுதானுங். மலையாட்ட நிக்குது பாருங்."

நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன். ஆரோக்கியத்தின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

அவள் நேராக உள்ளே போனாள். அறையிலிருந்து அவள் குரல் களம் வரைக்கும் கேட்டது.

"நான் பொம்பள ஏத்தீட்டனுங். ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. ராம்ப்பு மேல குத்தமுன்னு ஒரு நெனப்பு எனக்கு உள்ளுக்குள்ள இருந்துது. இன்னைக்கு அதுவும் போச்சு. குத்தமெல்லாம் உங்க மேலதான். ரெண்டு புள்ளைகள வெச்சுட்டு இப்பிடி மெத்தனமா இருப்பாங்களா ஒரு மனுசன்?"

நான் சாய்தளத்துச் சங்கிலியை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தமயந்தி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் பட்டறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அரிவாள்மனை, மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். வெல்டிங் மெஷினுக்கு வைக்கக் கை போகவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

பூங்கொடி இதுவரை ஆறு பேருக்கு உழவு முடித்துவிட்டாள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பொழுது விழத்தான் வருகிறாள். கை இரண்டும் கொப்பளம். வந்ததும் கொப்பளத்தைக் காட்டி அவனைத் திட்டுகிறாள். திட்டிவிட்டு அழுகிறாள். அழுதுவிட்டுச் சோறு போடுகிறாள். அவன் தலையைக் குனிந்து சாப்பிடுகிறான். நேற்று அவனுடைய பெரிய பெண்ணும், "அம்மா சொல்றது சரிதானப்பா" என்றது. அப்போது அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

நான் எல்லா நாளும் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். போகாமல் இருந்தால் ஏதாவது நினைப்பார்களோ என்று போகிறேன்.

சாயந்திரம் தமயந்தி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "எந்தம்பிக்குக் கிளட்ச உடற பழக்கம் இல்லீங். அவன் அப்பிடிச் சொல்றான்னா வேற எதுக்கோ சொல்றான்."

"எதுக்குச் சொல்றான்?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

வெங்காயக் கூடையைப் பார்த்தே பேசினாள். எனக்குக் கண் எரிந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன். நான் ஸ்டோர் கீப்பர் என்பது இந்த ஊரில் அவளுக்கு மட்டும் தெரியும். முப்பது வருஷமாக ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. என்னை வாத்தியார் என்று ஒரு நாளும் கூப்பிட்டதும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் போனேன். இன்று உழவில்லை. நல்லசாமி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பூங்கொடி கீழே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போகும்போதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் வரச்சொன்ன தேதி, யார் கூட்டிப்போவது, அன்றைக்கு உழவு என்ன ஆவது என்று ஆரம்பித்து வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"ஒரு நிமிசம் சூதானமா இருந்திருந்தா..."

"அம்மிணி" என்றேன். "அவன் கிளட்ச உடல."

முறம் நின்றது.

சட்டைப் பையிலிருந்து கொக்கியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். ஆரோக்கியம் சொன்னதை அப்படியே சொன்னேன். பற்று பிடிக்கவே இல்லை என்றும், அசிங்கம் தெரியக் கூடாது என்று நான்தான் வழித்தேன் என்றும், கொக்கியை நான்தான் எடுத்து ஒளித்தேன் என்றும் சொன்னேன். இப்போது அவள் ஏறி இறங்குவது என் வேலை இல்லை, ஆரோக்கியத்தின் வேலை என்றும் சொன்னேன். பயிற்சி நிலையத்தில் நான் யாருக்கும் ஒன்றும் சொல்லிக்கொடுத்தவனில்லை, சாமான் எடுத்துக்கொடுத்தவன் என்றும் சொல்லிவிட்டேன். குரல் யாருடைய சேதியையோ சொல்கிற மாதிரி வந்தது. அதுவும் கேவலமாக இருந்தது.

"அதெல்லாம் இப்ப எதுக்குங் மச்சான்" என்றான் நல்லசாமி.

பூங்கொடி அவனைத்தான் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"கொக்கி ஒடையற சத்தம் கேட்டுதல்ல."

"அப்பறம் எதுக்குக் கிளட்சுன்னீங்?"

"ஊட்டு மாப்பிள்ளை பண்ணுனது ஒடஞ்சுதுன்னு நாலு பேரு பேசுனா, அக்காளுக்குத்தான தலக்குனிவு. மச்சானே சொல்லுவாருன்னு பாத்தன். ரெண்டு நாள்ல சொல்லுவாருன்னு பாத்தன். அப்பறம் நாள் போயிருச்சு. இனி எப்பிடிச் சொல்றதுன்னு நானும் உட்டுட்டன்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாப்ளே, ஸ்டோருல இருந்ததும் தெரியுமா?"

"பொண்ணுக் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கப்பன் விசாரிக்காமயா இருந்திருப்பாரு? ஊரு வாத்தியாருன்னு சொல்லுச்சு. நாங்களும் இருக்கட்டுமேன்னு உட்டுட்டம்."

"தெரிஞ்சுட்டே எதுக்கு எங்கிட்டக் குடுத்த?"

"ரெண்டு வருசமாப் பட்டற போட்டுத் தட்டீட்டு இருக்கறீங். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சன்."

தெரியவில்லை என்ற ஒரு வார்த்தை. செப்டம்பர் மூன்றாம் தேதி பல் விளக்கிக்கொண்டே அதைச் சொல்லியிருக்கலாம். அவன் டவுனுக்குப் போயிருப்பான், இன்றைக்கு எங்கேயோ சேற்றில் நின்றுகொண்டிருப்பான்.

"டீக்கடைல நானே சொல்லிப்போடறன் மாப்ளே. எல்லார்கிட்டயும்."

"சொல்லுங்" என்றாள் பூங்கொடி. எழுந்துவிட்டாள். மடியில் ஒட்டியிருந்த அரிசி தரையில் சிதறியது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்துவதெல்லாம் புருஷனுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. என்னிடம் மெதுவாகத்தான் பேசினாள்.

"கால் ஒடஞ்சதுகூடப் போகுதுங் அண்ணா. இரும்பு, ஒடஞ்சுது. இருவது நாளா இந்த மனுசன நான் பேசாத பேச்சில்லீங். பெத்த புள்ளைய உட்டே பேச வெச்சன். நாய்கூட அத்தன கேக்காது. நீங்க அந்த ஸ்டூல்லதான உக்காந்திருந்தீங்? அத்தனையும் கேட்டுட்டுத்தான இருந்தீங்?"

நல்லசாமி, "உடு பூவு" என்றான்.

அவள் விடவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு என் முன்னாலேயே நின்றாள்.

"ஆமா அம்மிணி" என்றேன். "கேட்டுட்டுத்தான் இருந்தன்."